போட்டி வினாத்தாளை வகுப்பறைப் பாடத்தோடு இணைத்தல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைகளில் கணித ஒலிம்பியாட், சமூக விஞ்ஞானப் போட்டி ஆகியவற்றின் கடந்தகால வினாத்தாள்கள் தெரிவுசெய்யப்பட்ட சில மாணவருக்கே பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. அவற்றை வகுப்பு முழுவதற்கும் பயன்படுத்த, வினாத்தாளைப் பாட அலகுகளின்படி முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த அலகிலும் சேராதவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

சுட்டிகள் அலகைக் கற்பித்து முடித்ததும், 7²⁰²⁴ இன் ஒன்றினிடத்து இலக்கம் யாதெனக் கேளுங்கள். கணிப்பானை அனுமதிக்க வேண்டாம். 7 இன் வலுக்களை மாணவர் வரிசையாக எழுதும்போது ஈற்றிலக்கங்கள் 7, 9, 3, 1 என மீண்டும் மீண்டும் வருவதை அவர்களே கண்டுகொள்வர். 2024 ஆனது 4 ஆல் மீதியின்றி வகுபடுவதால் விடை 1 என்பதை ஒரு மாணவர் கரும்பலகையில் விளக்கட்டும். மெல்லக் கற்கும் மாணவருக்கு 7¹⁰ போதும். ஈற்றிலக்கங்களின் வரிசை இரண்டுக்கும் ஒன்றே என்பதால் அவர்களும் அதே கலந்துரையாடலில் பங்குபற்றுவர்.

சமூக விஞ்ஞான வினாக்கள் பெரும்பாலும் ஒற்றைச்சொல் விடைகளைக் கோருபவை; அவற்றை அப்படியே மனனம் செய்விப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கினியாகலையில் கல்லோயாவை மறித்து அமைக்கப்பட்ட நீர்த்தேக்கம் எது என்ற வினாவுக்குச் சேனாநாயக்க சமுத்திரம் என விடை பெற்றபின், சம்மாந்துறை வயல்களில் மழை குறைந்த காலத்துச் சிறுபோகச் செய்கைக்கு அந்நீர் ஏன் இன்றியமையாதது என்று தொடர்ந்து கேளுங்கள். வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைகள் இவ்வேளையில் வாய் திறப்பார்கள்.

வாரத்துக்கு ஒரு வினா போதுமானது. அதற்குப் புள்ளி வழங்காதீர்கள்; தவறான வழிமுறைகளையும் கரும்பலகையில் அழிக்காமல் விட்டு, எங்கே பிசகியது என்பதை வகுப்பையே தேடச் செய்யுங்கள்.