மெழுகில் ஒரு பக்கவாட்டு முகம்: 18-ஆம் நூற்றாண்டு பாணியில் செய்து பார்க்கலாம்

மெழுகுச் சிற்பம் என்றதும் பலருக்கு ஆளுயரப் பொம்மைகள்தான் நினைவுக்கு வரும். நாம் செய்யப்போவது உள்ளங்கையில் அடங்கிவிடும். தட்டையான பின்னணியிலிருந்து சில மில்லிமீட்டர் மட்டும் எழும்பி நிற்கும் புடைப்பு முகம் அது. 16-ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ அபோந்தியோ என்ற இத்தாலியர் ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் அவைக்காக இப்படி வண்ண மெழுகில் செய்தார். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஐசக் காசெட் யானைத்தந்த நிற மெழுகில் வடித்த முகங்களுக்கு ஏக கிராக்கி. அவற்றை மாதிரியாக வைத்து வெட்ஜ்வுட் பீங்கான் பட்டறை பதக்கங்கள் செய்தது. புதிதாகத் தொடங்குபவருக்குக் காசெட் பாணிதான் சரி: ஒரே நிறம், வண்ணம் சேர்க்கும் தலைவலி இல்லை.

மெழுகு

தேன்மெழுகு 100 கிராம், வாஸ்லின் ஒரு தேக்கரண்டி, வெள்ளை நிறமிப்பொடி ஒரு சிட்டிகை. அந்தக் காலத்தில் கொழுப்பும் மரப்பிசினும் சேர்த்து மெழுகைப் பதப்படுத்தினார்கள், வெண்மைக்கு ஈயவெள்ளை. ஈயம் விஷம், அது நமக்கு வேண்டாம், டைட்டானியம் வெள்ளை போதும்.

தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீயில் கூடவே கூடாது. தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். ஆறியதும் கையில் உருட்டிப் பாருங்கள். வெடித்தால் இன்னும் கொஞ்சம் வாஸ்லின், விரலில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மெழுகு.

கோடு

ஒருவரைச் சுவரோரம் பக்கவாட்டில் உட்காரவைத்து, விளக்கால் நிழல் விழச்செய்து, படமெடுத்துச் சிறிதாக அச்சிடுங்கள். முகம் 6 செ.மீ. உயரம் இருக்கட்டும். அதன்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வையுங்கள். கோடு அடியில் தெரியும். கண்ணாடியின் விளிம்பை முதலில் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

மேடு பள்ளம்

வெதுவெதுப்பான மெழுகை மெல்லிய தகடாக அழுத்தி, கோட்டுக்குள் நிரப்புங்கள். இனிதான் உண்மையான வேலை. புதியவர்கள் எல்லோரும் மூக்கைத்தான் உயர்த்துவார்கள். பக்கவாட்டு முகத்தில் நமக்கு மிக அருகில் இருப்பது கன்ன எலும்பும் காதோரமும். மூக்கின் தண்டு முகத்தின் நடுக்கோட்டில், அதாவது தொலைவில் இருக்கிறது. ஆகவே கன்னம் உயரட்டும், மூக்கும் உதடும் பின்னணியை நோக்கித் தாழட்டும். ஆனாலும் வெளிவிளிம்பு முழுவதும் கூர்மையாக நிற்க வேண்டும். விளிம்பு மழுங்கினால் அது யார் முகம் என்றே தெரியாது.

கண்ணையும் பாதாம் வடிவில் வரையாதீர்கள். பக்கவாட்டில் அது பக்கம் சாய்ந்த ஒரு முக்கோணம்தான், புருவ எலும்புக்கு உள்ளே தள்ளி இருக்கும்.

விளக்கை எப்போதும் ஒரு பக்கமாக வையுங்கள். ஒரே நிறத்தில் வேலை செய்யும்போது நிழல்தான் வண்ணம். நேரெதிர் வெளிச்சத்தில் எல்லாம் சப்பையாகத் தெரியும். அதை நம்பிக் கூடுதலாக மெழுகு அப்பிவிடுவோம்.

நுணுக்கம்

மூங்கில் குச்சியைச் சீவினால் நல்ல கருவி. முடியை இழை இழையாகக் கீறாமல், முதலில் பெரிய சுருள்களாகப் பிரித்துக்கொண்டு, அப்புறம் ஊசியால் சில கோடுகள் மட்டும். காதைக் கடைசிக்குத் தள்ளிவிடாதீர்கள். தாடை எங்கே முடிகிறது என்பதைச் சொல்வதே அதுதான்.

சட்டம்

அடியிலிருந்த தாளை எடுத்துவிட்டு, கண்ணாடியின் பின்பக்கத்தில் கறுப்பு வண்ணம் பூசுங்கள். தந்த நிற முகம் சட்டென்று எடுப்பாகும். மேல்கண்ணாடி மெழுகில் படாதபடி ஆழமான சட்டம் வாங்குங்கள். தூசி மெழுகில் ஒட்டினால் துடைத்தெடுப்பது பெரும்பாடு. வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், கோடையில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம்.