ஏரிக்கு விடியலில் போங்கள்: இணையச் சூழலியல் செய்தியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சூழலியல் செய்தி எழுத வரும் இளைஞர்களிடம் நான் முதலில் பேசுவது அல்சூர் ஏரியைப் பற்றித்தான். 2016 மார்ச்சில் அங்கே ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இப்படி ஒரு தகவல் வந்தால் பலரும் பத்தரை மணிக்குக் கிளம்பி, நெரிசலைக் கடந்து, நண்பகலில் கரைக்குப் போய்ச் சேர்கிறார்கள். அதற்குள் மீன்களை அள்ளி முடித்திருப்பார்கள்.

அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. பாசி படர்ந்த ஏரியில் பகல் வெயிலில் ஆக்சிஜன் பெருகும். இரவில் அதே பாசியும் நுண்ணுயிர்களும் அதை உறிஞ்சித் தீர்க்கும். விடியற்காலையில்தான் நீரில் கரைந்த ஆக்சிஜனின் அளவு மிகக் குறைவாக இருக்கும்; மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கரையில் இருக்கும் மீன்பிடிப்பவர்கள் அதை நமக்கு முன்பே பார்த்திருப்பார்கள். அல்சூர் பக்கம் தமிழிலேயே கேட்கலாம். பகல் ஒரு மணிக்கு எடுத்த நீர் மாதிரி நல்ல முடிவையே காட்டக்கூடும்.

மாதிரி எடுத்த நேரத்தை எழுதாமல் விடாதீர்கள். ஆசிரியராக இருந்தால் வெட்டாதீர்கள். நீளம் கருதி நான் ஒரு முறை வெட்டினேன். ஏரி நலமாக இருப்பதற்குச் சான்றாக அந்தக் கட்டுரையையே ஒரு குடியிருப்புக் கூட்டத்தில் காட்டினார்கள். இன்றும் உறுத்துகிறது.

நீர் ஆய்வறிக்கையில் வரும் 'டி', 'இ' போன்ற தர எழுத்துகளைப் பள்ளி மதிப்பெண்ணாகப் படிப்பது இன்னொரு தவறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் 'டி' என்றால் மீன்களுக்கும் காட்டுயிர்களுக்கும் ஏற்ற நீர். லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் வேண்டும். 'இ' என்றால் பாசனத்துக்கும் தொழிற்சாலைக் குளிர்விப்புக்கும் உரியது. ஓர் ஏரி 'டி'யிலிருந்து 'இ'க்கு இறங்கினால், மீன் வாழத் தகுந்த தரத்தை அது இழந்துவிட்டது என்று பொருள். அதை அப்படியே எழுதுங்கள்.

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் 2015 மே மாதம் நுரை எரிந்தது. 2018 ஜனவரியில் எரிந்தது காய்ந்த புல்லும் களையும். அணைக்க ராணுவ வீரர்களும் வந்தார்கள். இரண்டுக்கும் "ஏரியில் தீ" என்று தலைப்பிட்டு, பழைய நுரைப் படத்தையே ஒட்டுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். சோப்புத்தூள் கலந்த கழிவுநீர், ஏரியின் உபரிநீர் வழியும் கலிங்கில் விழும்போது நுரை பொங்குகிறது. அதற்குக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டவர் பதில் சொல்ல வேண்டும். புல் எரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தீ வைத்தது யார், ஏரிக்காவல் எங்கே போனது?

இணையத்தில் பிழையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். திருத்தம் கட்டுரையின் தலையில், தேதியோடு நிற்கட்டும்.

ஒரே நாளில் ஏரியை மறந்துவிடுவதும் நம் தொழிலின் வியாதிதான். செய்தி வெளியாகும் அன்றே தகவல் உரிமை மனுவை எழுதிவிடுங்கள். சட்டப்படி பதிலுக்கு 30 நாள் அவகாசம். அந்தப் பதில் கைக்கு வந்ததும், அதே கலிங்கில், விடிவதற்கு முன் போய் நில்லுங்கள்.