சிவப்பு பிஷப் குருவி: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் நாணல் மண்டிய குளத்தோரம் நின்றால், தண்டு நுனியில் தணல் துண்டு போல ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். தெற்குச் சிவப்பு பிஷப். நம் தூக்கணாங்குருவியின் குடும்பம்தான். நீளம் பத்துப் பதினோரு சென்டிமீட்டர், அவ்வளவே.

பலரும் அந்தச் சிவப்பை மட்டுமே தேடுகிறார்கள். அது ஆண் குருவி கூடு கட்டும் பருவத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளும் உடை. பருவம் முடிந்ததும் அதுவும் பெட்டையைப் போலக் கோடு விழுந்த பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும். அங்கே குளிர்காலமான ஜூலையில் போய், "ஒன்றுகூட இல்லை" என்று திரும்புகிறவர், புல்விதை பொறுக்கும் 'சிட்டுக்குருவி'க் கூட்டம் ஒன்றைக் கவனிக்காமல் கடந்து வந்திருக்கலாம்.

சரி, சிவப்பும் கறுப்பும் தெரிந்துவிட்டது. உடனே பெயரை எழுதிவிடாதீர்கள், தலையைப் பாருங்கள். தெற்குப் பிஷப்புக்கு முகமும் நெற்றியும் கறுப்பு, உச்சி சிவப்பு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வாழும் வடக்குப் பிஷப்புக்கு உச்சந்தலையே கறுப்பு. சிறகும் கறுப்பாக இருந்தால் அது வேறொரு பிஷப். மஞ்சள் உச்சி பிஷப், மஞ்சள் பிஷப் என்ற இரண்டும் தனித்தனி இனங்கள். பின்னதற்கு உச்சி கறுப்பு. பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்!

கூடு விஷயத்தில்தான் நாம் நன்றாகவே ஏமாறுவோம். தூக்கணாங்குருவியைப் பார்த்துப் பழகிய கண், கிளையில் தொங்கும் நீளக் குழாயைத் தேடும். இங்கே கூடு தொங்காது. நிற்கும் நாணல் தண்டுகளுக்கிடையே பின்னிய உருண்டை, பக்கத்தில் வாசல். அப்புறம், பத்துக் கூடு இருந்தால் பத்து ஜோடி என்று எண்ணிவிடுவோம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ஓர் ஆணே தன் எல்லைக்குள் கூடு மேல் கூடாகக் கட்டிக்கொண்டே போகும். பிடித்த கூட்டைப் பெட்டை ஏற்று, உள்ளே மெத்தை போட்டு, நீல முட்டைகளை இட்டுத் தனியாக அடைகாக்கும். ஆணின் வேலை கட்டுவதும் காவலும்தான். சில கூடுகளுக்குக் குடியே வராது.

அதற்காக, காலிக்கூடுதானே என்று நாணலுக்குள் இறங்கிப் பிரித்துப் பார்க்க வேண்டாம். வெளியிலிருந்து காலியாகத் தெரியும் கூட்டுக்குள்ளும் முட்டை இருக்கலாம். ஏற்கெனவே டைடரிக் குயில் தன் முட்டையை அதில் இட்டுவிட்டுப் போக அலைந்துகொண்டிருக்கும். கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தாலே, இறகைச் சிலிர்த்துக்கொண்டு வண்டு போல மிதந்து வரும் ஆண் குருவி கண்ணில் படும்.