சிவப்புப் புள்ளியா, ஹோலோகிராமா, பிரிஸமா? சைட் வாங்க முதல் கண்ணைப் பாருங்கோ

"அண்ணை, காசைக் குடுத்து ஏமாந்திட்டன். புள்ளி எண்டு சொன்னாங்கள், இஞ்ச பூரான் ஒண்டு நிக்குது."

டொரொன்டோவில் இருக்கிற சித்தப்பாவின் மகன் போன மாசியில் வீடியோவில் இப்படித்தான் தொடங்கினான். அங்கே பாதுகாப்பு வகுப்புக்குப் போய், லைசன்ஸ் எடுத்து, கிளப் ஒன்றில் சேர்ந்து இலக்குச் சுடப் பழகுகிறான். எனக்குத் திருகோணமலையில் கண்ணாடிக் கடையில் வேலை. துவக்கைப் பற்றி வாசித்தும் கேட்டும் அறிந்ததுதான். வில்லை என்றால் கொஞ்சம் கூடவே தெரியும்.

சைட் என்றால் துவக்கின் மேல் பூட்டி இலக்குப் பார்க்கிற கருவி. அதைத் துவக்கில் இருந்து கழற்றி, போன் கமராவைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். படத்தில் புள்ளி உருண்டையாக இருந்தது. ஆக, பழுது சைட்டில் இல்லை. அவனுக்கு வலது கண்ணில் சிலிண்டர் 1.25. வடிவாயில்லை என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுடப் போயிருக்கிறான்.

உருப்பெருக்காத சைட் வாங்க நினைக்கிற புதியவர்களுக்காகத்தான் இது.

படி 1: கண்

கண்ணின் முன்பக்கம் பந்து போல ஒரே அளவாக வளையாமல் கரண்டி முதுகு போல ஒரு பக்கம் கூடுதலாக வளைந்திருந்தால் அது அஸ்டிக்மாற்றிசம். கண்ணாடிக்கான துண்டுச்சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதித் தருவது இதைத்தான். பகலில் பலருக்கு இது தெரியாது. இரவில் டச்சுக்குடாக் கடற்கரையில் நின்று தூரத்து வள்ளங்களின் வெளிச்சத்தைப் பாருங்கோ, தெருவிளக்கும் காணும். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் வால் முளைக்கிறதா? தலையைச் சரித்தால் வாலும் சேர்ந்து சரிகிறதா? அப்படியென்றால் அந்த வால் உங்கள் கண்ணுக்குரியது.

சைட் கையில் இருந்தால் இன்னொரு வழி. மட்டையில் குண்டூசியால் துளை போட்டு, அதனூடாகப் புள்ளியைப் பாருங்கோ. துளையால் பார்க்கும்போது உருண்டை, வெறுங்கண்ணால் பூரான் என்றால் சைட்டைத் திருப்பிக் குடுக்க வேண்டாம். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கோ.

கண்ணாடி போட்டுச் சுடுபவர்களுக்கு ஒரு விசயம்: கன்னத்தைத் துவக்கில் அழுத்தியதும் வில்லையின் நடுவால் பார்க்க மாட்டீர்கள், மூக்குப் பக்க மேல் மூலையால்தான் பார்ப்பீர்கள். பவர் கூடியவர்களுக்கு அந்த மூலையில் உருவம் கொஞ்சம் கோணும். கண்ணாடி செய்யக் குடுக்கும்போதே இதைச் சொல்லுங்கோ.

படி 2: மூன்று வகை

சிவப்புப் புள்ளி சைட்டில் சின்ன எல்.ஈ.டி ஒன்று பின்னால் இருந்து முன் வில்லைக்கு ஒளி அடிக்கும். வில்லையின் பூச்சு அந்தச் சிவப்பை மட்டும் கண்ணுக்குத் திருப்பும், வில்லையின் வளைவு அதைச் சமாந்தரக் கதிராக்கும். அதனால்தான் புள்ளி வில்லையில் ஒட்டாமல் தூரத்து இலக்கில் நிற்பது போலத் தெரிகிறது. இந்த யுக்தியை 1900இல் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் முன்வைத்தார். பற்றரியில் எரியும் புள்ளியை 1975இல் சுவீடனின் எய்ம்பொயின்ட் சந்தைக்குக் கொண்டுவந்தது. பற்றரி நன்றாக உழைக்கும், நல்ல மாதிரிகளில் ஒரே பற்றரி வருடக்கணக்கில் போகும்.

இதில் திறந்த வகை, மூடிய வகை என்று இரண்டுண்டு. திறந்ததில் எல்.ஈ.டிக்கும் வில்லைக்கும் இடையில் மழைத்துளியோ தூசியோ விழுந்தால் புள்ளி உடையும், மறையும். வாடைக்காற்றுக் காலத்தில் கடற்கரையில் நடந்துவிட்டு வந்து கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கோ, உப்புப் படலம் எவ்வளவு என்று விளங்கும். வெளியில் சுடுபவர்கள் மூடியதையே எடுங்கோ.

ஹோலோகிராம் சைட்டில் வேலை செய்வது லேசர். கண்ணாடியில் பதிந்த ஹோலோகிராமை, அதாவது ஒளியால் பதித்த முப்பரிமாணப் படத்தை, அது எழுப்பிக் காட்டும். 1990களின் நடுவில் கடைக்கு வந்தது. 68 எம்.ஓ.ஏ வட்டமும் நடுவில் 1 எம்.ஓ.ஏ புள்ளியும் பேர்போன வடிவம் (எம்.ஓ.ஏ ஒரு கோண அளவு, விளக்கம் படி 3இல்). கிட்ட இருக்கிற இலக்கை வட்டம் கெதியாகப் பிடிக்கும். லேசர் பற்றரியை உறிஞ்சும், வருடக்கணக்கு இங்கே சரிவராது. விலையும் பெரும்பாலும் 500 அமெரிக்க டொலருக்கு மேல். அஸ்டிக்மாற்றிசம் உள்ள சிலருக்கு இது தெளிவு, சிலருக்கு இதிலும் சிதறல். போட்டுப் பார்க்காமல் வாங்காதேங்கோ.

பிரிஸ சைட்டின் உள்ளே பட்டகக் கண்ணாடி இருக்கும், குறி கண்ணாடியிலேயே கீறப்பட்டிருக்கும். பற்றரி செத்தாலும் கறுப்புக் கோடு நிற்கும். ஒளிப்புள்ளி போல வால் விடாது. பின்னால் இருக்கிற திருகால் கூர்மையைச் சரிசெய்யலாம். ஆனால் அந்தத் திருகு சிலிண்டரைத் திருத்தாது, கடைக்காரர் அப்படிச் சொன்னால் நம்பாதேங்கோ. இதில் கண்ணை வைக்கும் தூரமும் சொன்ன அளவில் இருக்க வேணும், தலை கொஞ்சம் விலகினால் இருட்டு. மற்ற இரண்டிலும் அந்தக் கரைச்சல் இல்லை.

என்னைக் கேட்டால்: கண் சரி, காசு இறுக்கம் என்றால் மூடிய சிவப்புப் புள்ளி. கண்ணாடி போட்டும் வால் போகவில்லை என்றால் பிரிஸம். ஹோலோகிராம் பழகினவர்களுக்கு.

படி 3: புள்ளியின் பருமன்

1 எம்.ஓ.ஏ என்பது ஒரு பாகையின் 60இல் ஒன்று. 100 மீற்றரில் ஏறக்குறைய 2.9 சென்ரிமீற்றர். 2 எம்.ஓ.ஏ புள்ளி அந்தத் தூரத்தில் 5.8 சென்ரிமீற்றரை மூடும், 50 மீற்றரில் அதில் பாதி. கடதாசி இலக்குக்கு 2 போதும். கண்ணுக்குக் கெதியாய்ப் படவேணும் என்றால் 4 அல்லது 6.

படி 4: கடையில்

இரண்டு கண்ணையும் திறந்து, புள்ளியை விட்டு இலக்கைப் பாருங்கோ. பிறகு வெளிச்சத்தைக் குறைத்துக் கொண்டே வாங்கோ. புள்ளி சிதறுகிறது என்று வருகிற முறைப்பாட்டில் கனக்க, வெளிச்சம் கூடினதால்தான். தம்பியும் உச்சத்தில்தான் வைத்திருந்தான்.

சுடுதளத்தில் பூச்சியம் பிடிப்பதை, அதாவது புள்ளி காட்டுகிற இடத்திலேயே குண்டு படும்படி சைட்டைத் திருத்துவதை, பயிற்சியாளருடன் செய்யுங்கோ. 25 மீற்றரில் மூன்று சூடு, மூன்று துளைகளின் நடுவைப் பார்த்துத் திருகைத் திருப்பு, திரும்ப மூன்று. ஒரே சூட்டை நம்பித் திருக வேண்டாம்.

தம்பி இப்போது கண்ணாடி போட்டுச் சுடுகிறான். பழைய சைட்தான், புள்ளியும் உருண்டை. போன கிழமை கேட்டான், "அண்ணை, ஆடிக்கு ஊருக்கு வாறன். சைட்டை மட்டும் பையில கொண்டு வந்து காட்டட்டா?"

"வேண்டாம் ராசா, படம் காணும்" என்றேன்.