கால்பந்தில் ஃபார்வர்டாக ஆடிப் பிழைக்க: சேலத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

"மாஸ்டர், என் பையன் எந்த மேட்ச் ஆடினாலும் கோல் போட்டுடறான். இவனை ஃபார்வர்டாவே கொண்டு போயிடலாமா?" காந்தி ஸ்டேடியத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் அப்பா அம்மா பலரும் கேட்பது இதைத்தான். ஃபார்வர்டு என்றால் முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவர். தாராளமாகக் கொண்டு போகலாம். ஆனால் எந்த வயதில் எதைப் பழக வேண்டும், எந்தத் தாளை எப்போது வாங்கி வைக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் நம் ஊரில் நல்ல கால்கள் நிறைய வீணாகியிருக்கின்றன. சென்னை லீகில் ஓர் அரசுத் துறை அணிக்கு ஒன்பதாம் நம்பர் சட்டை போட்டு ஆடியவன் நான். இப்போது இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வயது வரை பிள்ளையை ஒரே இடத்தில் கட்டிப்போடாதீர்கள். டிஃபென்ஸ், மிட்ஃபீல்டு, ஏன், கோல்கீப்பராகக்கூட ஆடட்டும். டிஃபெண்டராக நின்று பார்த்தவனுக்குத்தான் டிஃபெண்டர் எதற்குப் பயப்படுவான் என்று தெரியும். அந்த வயதில் கோல் போடுகிறவர்களில் பாதிப் பேர் சீக்கிரம் வளர்ந்த பிள்ளைகள். பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினாலே கோல் விழும். பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்து வந்ததும் அந்த ஓட்டம் எடுபடாது. ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வயதுப் பிரிவில் ஆடுகிறார்கள் என்பதை மறக்காதீர்கள். டிசம்பர் பிள்ளை சின்னதாக இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம், வளர்ந்துவிடும். பந்து விஷயமும் முக்கியம். பன்னிரண்டு வயது வரை 4-ஆம் சைஸ், அப்புறம்தான் 5. பெரிய பந்தைச் சின்னக் கால் உதைத்தால் உதைக்கும் முறையே கெட்டுப்போகும்.

இனி வேலைக்கு வருவோம். ஃபார்வர்டுக்கு முதல் சொத்து ஃபர்ஸ்ட் டச், அதாவது வரும் பந்தை முதல் தொடுதலிலேயே வசப்படுத்துவது. அதற்கு ஒரு சுவர் போதும். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறைக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு பெண் பிள்ளை பழகியதைப் பார்த்திருக்கிறேன், அதையே சொல்கிறேன். சுவருக்கு நேராக நெஞ்சைக் காட்டி நிற்காதே கண்ணு, ஒரு தோள் சுவரைப் பார்க்கட்டும், இன்னொரு தோள் உனக்குப் பின்னால் இருக்கும் கோலைப் பார்க்கட்டும். பந்தைச் சுவரில் அடி. அது சுவரைத் தொட்டுத் திரும்புவதற்குள் தலையைத் திருப்பிப் பின்னால் ஒரு பார்வை பார். பின்னால் தம்பியோ தங்கையோ விரலைக் காட்டி நிற்கட்டும். எத்தனை விரல் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பந்தை வாங்கு. சுவரிலிருந்து தள்ளி இருக்கும் காலால், உள்பாதத்தால், பந்து உடம்பைத் தாண்டி கோல் பக்கம் உருளும்படி வாங்க வேண்டும். முதல் வாரம் விரலைச் சொன்னால் பந்து போகும், பந்தைப் பிடித்தால் விரல் தப்பும். விடாமல் செய். மேட்சில் பந்து வரும்முன் டிஃபெண்டர் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்திருந்தால் பாதி கோல் போட்ட மாதிரி.

நம் செம்மண் மைதானங்களில் பந்து எப்படி எகிறும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்து கடைசியாகத் தரையில் படும்வரை முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வைத்திரு. கோவையிலோ சென்னையிலோ டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்லில், செலக்‌ஷன் என்றால், போகும் முன் நாலைந்து தடவையாவது வாடகை டர்ஃபில் ஆடிவிட்டுப் போ. அங்கே பந்து வேகமாக வழுக்கும், மண்ணில் பழகிய கால் முதல் பத்து நிமிஷம் தடுமாறும். செலக்டர் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்து, பந்து இல்லாதபோது ஓடுவது. தொண்ணூறு நிமிஷத்தில் ஃபார்வர்டின் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டாது. மீதி நேரம் என்ன செய்கிறாய் என்பதுதான் உன் தொழில். டிஃபெண்டர் பந்தைப் பார்த்தால் உன்னைப் பார்க்க முடியாது, உன்னைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது. அவனுடைய முதுகுப் பக்கத் தோளுக்குப் பின்னால் நில். விங்கிலிருந்து, அதாவது மைதானத்தின் ஓரப் பக்கத்திலிருந்து, பந்து வரப்போகிறது என்றால் இரண்டு எட்டு தூரக் கம்பத்தை நோக்கி மெதுவாகப் போ, அவனும் நகர்வான். உதைப்பவன் தலையைக் குனிந்த நொடியில் டிஃபெண்டருக்கு முன்னால் வெட்டிக் கிட்டக் கம்பத்துக்குப் பாய். ஆஃப்சைடில் மாட்டாமலிருக்க நேராக ஓடாமல், டிஃபென்ஸ் வரிசைக்கு இணையாக வளைந்து ஓடி, பாஸ் காலைவிட்டுக் கிளம்பியதும் திரும்பு.

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. பெரும்பாலான கோல்கள் 16.5 மீட்டர் பெட்டிக்குள்ளிருந்துதான் விழுகின்றன, அதிலும் நிறைய ஒரே டச்சில். இருபத்தைந்து மீட்டரிலிருந்து உதைத்துப் பழகுவது ஆசையாக இருக்கும்தான். அதைக் கடைசிக்கு வை. முதலில் பெட்டிக்குள், ஒரே டச், இரண்டு காலாலும், தரையோடு தரையாக மூலைக்கு.

இப்போது பெற்றோரும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியது. அதிலிருந்து 2024-25 வரை அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி வாங்கிய அத்தனை பேரும் வெளிநாட்டுக்காரர்கள். கிளப்புகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கான இடங்களில் ஒன்றை அநேகமாக ஸ்ட்ரைக்கருக்குத்தான் ஒதுக்குகின்றன. ஆகவே "நான் சென்டர் ஃபார்வர்டு மட்டும்தான்" என்கிற நம் பிள்ளை பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும். விங்கிலும் ஆடத் தெரிய வேண்டும், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாலும் ஆடத் தெரிய வேண்டும். பெங்களூரு அணியில், இந்தியாவுக்கு அதிக கோல் போட்ட சுனில் சேத்ரியே வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் மிக்குவுக்காக இடது விங்குக்கு நகர்ந்து ஆடியிருக்கிறார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் விங்கர். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் வென்றது அவர் போட்ட ஒரே கோலில். வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் போட்டது. அந்த வெட்டை மட்டும் ஒரு வருஷம் பழகினாலும் தகும்.

ஏற்காட்டுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு எஸ்டேட் பாதைகளில் ஏறி இறங்கித் தொடையும் மூச்சும் தானாகவே தேறியிருக்கும். அவர்களுக்குக் குறைவது சமதரையில் பந்தோடு இருக்கும் நேரம். கீழே வர வாய்க்காத நாட்களில் பள்ளி முற்றத்தில் சுவர்ப் பயிற்சி போதும். சேலத்துப் பிள்ளைகள் மலையில் ஓடிப் பழக ஆசைப்பட்டால் ஏற்றத்தில் மட்டும் ஓடுங்கள், இறக்கத்தில் நடந்தே வாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் தார்ச்சாலையில் தடதடவென்று இறங்கி ஓடினால் முழங்கால் வலி வந்து சேரும். பயிற்சிக்கு முன், உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற வார்ம்-அப்பை வாரம் இரண்டு தடவையாவது செய்யுங்கள். இருபது நிமிஷம்தான் ஆகும். ஃபார்வர்டை அதிகம் படுத்துவது தொடையின் பின்பக்கத் தசை. அதற்கான நார்டிக் பயிற்சியும் அதிலேயே இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பெரிய செலவு வேண்டாம். களி, முட்டை, கடலை, வாழைப்பழம் போதும். தட்டுவடை செட்டு மேட்ச் முடிந்த பிறகு.

பாதை எப்படி? பள்ளி அணியில் சுப்ரதோ கோப்பை, முதலமைச்சர் கோப்பை, பள்ளிகளுக்கான தேசியப் போட்டி. கூடவே தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வு. கோடை விடுமுறை நெருங்கும்போது அறிவிப்பைத் தேடிக்கொண்டே இருங்கள். அங்கிருந்து மாவட்ட அணி, மாநில ஜூனியர் அணி, கிளப்புகளின் இளையோர் அணிகள், சென்னை லீக், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி. பெண் பிள்ளைகளின் பெற்றோர் தயங்கவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீகையே வென்றது.

செலக்‌ஷன் மேட்சில் தெரியாத பத்துப் பேரோடு ஆட வேண்டியிருக்கும், பாஸ் வரவே வராது. ஆளாளுக்குத் தன்னைக் காட்டத்தான் பார்ப்பார்கள். அப்போது கோபப்படாமல் எதிரணி டிஃபெண்டரை விரட்டிப் பந்தைப் பிடுங்கு. பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடி நீ என்ன செய்கிறாய் என்று ஓரத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். நடுக்களத்தில் ஆடும் பையனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பந்து வரும்.

வயதைக் குறைத்துச் சான்றிதழ் தயார் செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறார்கள். மாட்டினால் தடை, அதுவும் பிள்ளைக்கு.

கிளப் கூப்பிட்டதா? சந்தோஷம். டிரயலுக்கு முன்பணம் கேட்பவர் யாராயிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏஜென்ட் என்று சொல்பவரிடம் ஃபிஃபா உரிமம் கேளுங்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கு ஃபிஃபா விதிப்படி மூன்று வருஷத்துக்கு மேல் ஒப்பந்தம் செல்லாது, பெரியவர்களுக்கு ஐந்து. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் நின்றால், எழுதிக் கொடுத்துப் பதினைந்து நாள் அவகாசம் தந்தபின் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறிக்கலாம். இதுவும் விதிதான். காயம் பட்டால் அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது, அந்த மாதங்களில் சம்பளம் உண்டா என்ற இரண்டு வரியையும் கையெழுத்துக்கு முன் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் புரியவில்லையென்றால் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள். உடனே கையெழுத்துப் போடச் சொல்லும் தாளை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

படிப்பை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். 2025-ல் ஐ.எஸ்.எல். சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் சம்பளம் வருமா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். நாற்பது வயதிலும் ஒரு சீசனில் 14 கோல் போட்ட சேத்ரியைப் பார்த்து எல்லோருக்கும் அப்படி என்று எண்ண வேண்டாம். முப்பதைத் தாண்டியதும் ஃபார்வர்டின் வேகம் குறையும். தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயிலும் வங்கிகளிலும் விளையாட்டுக் கோட்டா உண்டு. என் வீட்டில் அடுப்பெரிந்தது அப்படிக் கிடைத்த வேலையால்தான். அதற்கு விளையாட்டுச் சான்றிதழ் வேண்டும்: மாநில அணிக்காகத் தேசியப் போட்டி ஆடியிருந்தால் படிவம் 2, பல்கலைக்கழகப் போட்டிக்குப் படிவம் 3, தேசியப் பள்ளிப் போட்டிக்குப் படிவம் 4. போட்டி முடிந்த மாதமே கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். நிர்வாகிகள் மாறிவிட்டால் அப்புறம் அலைய வேண்டியிருக்கும். அசலை லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், சரிபார்க்கும்போது அதன் மேலேயே முத்திரை வைக்கச் சொல்வார்கள்.