காலையில் ரேஸ் ஏறும் எஞ்சின்: மலையக கராஜ்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் ஸ்டார்ட் எடுத்ததும் ரேஸ், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், ஏறுகிறது, அப்புறம் இறங்குவதே இல்லை. இப்படி ஒரு கார் வந்தால் வேலை பழகும் தம்பிமாரின் கை முதலில் ஸ்குரூ ட்ரைவரைத்தான் தேடுகிறது. எஞ்சினுக்குக் காற்று நுழையும் த்ரொட்டில் பொடியில், தகடு முழுதாக மூடாமல் தடுக்கும் ஸ்டொப் ஸ்குரூவைத் திருகி, ஸ்லோவை (பெடலை மிதிக்காதபோது ஓடும் வேகத்தை) குறைத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாஸ்மாரும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தார்கள். கழன்ற ஹோஸ், ஒடிந்த கிளிப் போன்றவை பார்த்தவுடனே தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

ரேஸ் ஏறுவதே கோளாறு என்று நினைப்பது

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும். அந்தக் குளிரில் எஞ்சின் 1,200 முதல் 1,500 ஆர்.பி.எம். வரை ஓடினால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. சூடு ஏற ஏற 650–800க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால்தான் பொனட்டைத் திறக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் கோபம் வரவைக்கும் தவறு இது. கித்துல்கலவிலிருந்து கினிகத்தேனை ஏற்றத்திலோ, இறம்பொடை வளைவுகளிலோ கார் ஒரு தடவை கொதித்துவிடும். "இந்தக் குளிர் ஊருக்கு இது தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெறும் கேஸ்கட்டைப் போட்டு மூடிவிடுவார்கள்.

குளிர் ஊருக்குத்தான் அது கட்டாயம் தேவை. தெர்மோஸ்டாட் ஏறத்தாழ 82 பாகையில் திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாது. அது இல்லாத எஞ்சின் நானுஓயா இறக்கத்தில் இறங்கும்போது மறுபடி குளிர்ந்துபோகும். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைக்கும் ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), ரேஸைக் குறைக்காமல் பெற்றோலையும் கூட்டி ஊற்றும். கூடுதல் பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப்ஸ்டிக்கை இழுத்து மோந்து பாருங்கள், பெற்றோல் வாடை அடிக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோவா மாதிரி வெள்ளைப் பசை ஒட்டியிருக்கும். இதைக் கவனிக்காமல் ஓட்டினால் ரிங்கும் பேரிங்கும் தேயும், எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். தெர்மோஸ்டாட்டின் விலை அந்தச் செலவுக்குக் கிட்டவும் வராது.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. பல டொயோட்டா எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். கொதிப்பை நிறுத்தக் கழற்றியவருக்கு ஏற்றத்தில் மறுபடியும் கொதிக்கும்.

முதலில் கொதித்ததற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டர் மூடிதான். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி இருந்தால் அது 115 பாகைக்குப் போகும். ரப்பர் வெடித்த மூடியோடு மலை ஏறினால் எந்தக் காரும் கொதிக்கும். மூடியையும் ஃபேனையும் அடைபட்ட ரேடியேட்டரையும் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சோதிப்பது சுலபம். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் எடுத்து, தெர்மோஸ்டாட் ஹவுசிங்கிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொடுங்கள். கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. சில நிமிடம் சில்லென்று இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் நல்லது. தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் உள்ளே தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஸ்கேனரில் பி0128 என்ற கோளாறுக் குறியீடு (எஞ்சின் போதிய சூட்டை எட்டவில்லை) வந்தாலும் முதலில் இதைத்தான் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சட்டியில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 95 பாகையில் 8 மில்லிமீட்டர் திறக்க வேண்டும் என்று மெனுவலில் இருக்கும். நுவரெலியாவில் சட்டித் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. கொஞ்சம் குறைவாகத் திறந்தது என்று நல்ல தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடாதீர்கள்.

பூட்டும்போது காற்றுப் போகும் சின்ன ஊசி மேலே, பன்னிரண்டு மணித் திசையில் இருக்கட்டும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி. காரின் மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். மேட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. காற்று அடைத்துக்கொண்டால் மெழுகால் இயங்கும் பழைய ஐட்லிங் வால்வு சூடேறாது, ரேஸும் இறங்காது.

ஸ்டொப் ஸ்குரூவைத் திருகுவது

ஹட்டனில் தெர்மோஸ்டாட் இல்லாத காருக்கு இந்த ஸ்குரூவால் ஸ்லோவைக் குறைத்திருப்பார்கள். அதே கார் அவிசாவளை வெயிலில், நெரிசலில், ஏ.சி. போட்டதும் நின்றுபோகும். சொந்தக்காரர் அங்கே ஒரு கராஜில் விட, அவர்கள் ஸ்குரூவை மறுபக்கம் திருகுவார்கள். அது கம்பனியில் அடித்த பெயின்டோடு இருக்க வேண்டிய ஸ்குரூ. அதை அசைத்தால் த்ரொட்டில் சென்சரின் கணக்கே மாறிவிடும்.

சென்சரை அளக்காமல் மாற்றுவது

இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் எடுக்கும் முன், கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஸ்கேனரில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். டொயோட்டா கூலன்ட் சென்சர் 20 பாகையில் 2–3 கிலோ ஓம், 80 பாகையில் 200–400 ஓம் காட்டும்.

வெக்யூம் கேஜைக் கொழும்புக் கணக்கில் வாசிப்பது

வெக்யூம் கேஜ் எஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும். கொழும்பில் 18–20 அங்குலம் காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 12–14தான் காட்டும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் குறையும். அது காற்று லீக் இல்லை. முள் நடுங்கினால் தேடுங்கள்: பிரேக் பூஸ்டர் ஹோஸ், பி.சி.வி. ஹோஸ் (எஞ்சின் அடியறைப் புகையை மறுபடி உள்ளே இழுக்கும் குழாய்), மெனிஃபோல்ட் கேஸ்கட்.

பெற்றோல் தெளித்து லீக் தேடுவது

வேண்டாம். லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்தாலே எஞ்சின் சத்தம் மாறும்.

த்ரொட்டிலைக் கழுவிய கையோடு காரைக் கொடுப்பது

கார்பன் போனதும் காற்றுக் கூடுதலாக நுழையும், அதனால் முதலில் ரேஸ் ஏறும். எலெக்ட்ரோனிக் த்ரொட்டில் உள்ள நிசானில் ஸ்கேனரால் ஐட்லிங் லேர்னிங் (ஈ.சி.யு.வுக்கு ஸ்லோவைப் புதிதாகப் பழக்குவது) செய்யும் வரை இறங்காமலும் இருக்கலாம். சுவிட்ச் போட்டிருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் உடையும்.