கதவைத் தட்டிவிட்டு நில்லுங்கள்

ஷூவைக் கழற்றுவதற்குள் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் ஒப்பிக்கிற என் மகன், பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நான் ஆசிரியை. எம்.எட். பாடத்தில் படித்ததெல்லாம் அன்றைக்கு மறந்துபோய், பின்னாலேயே போய்த் துருவினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

அம்மா அப்பாவும் தப்பு செய்கிற மனிதர்கள்தான் என்று பிள்ளைகளுக்குப் புரிகிற வயது இது. 1986இல் ஸ்டைன்பெர்க், சில்வர்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் உணர்வுச் சுதந்திரத்தின், அதாவது பெற்றோரையே சார்ந்திராமல் சொந்தக் காலில் நிற்கப் பழகும் மனநிலையின், அடையாளங்களில் ஒன்றாக இதைச் சொன்னார்கள். வீட்டில் நம்பிக்கை விட்டுப்போய் ஒதுங்குகிற பிள்ளையும் வெளிப்பார்வைக்கு இப்படியே தெரியலாம் என்று 1989இல் ரையனும் லிஞ்சும் எச்சரித்தார்கள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

கதவைத் தட்டுங்கள், "வாங்க" என்ற சத்தம் வரும்வரை நில்லுங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். ஒருநாள் ராத்திரி நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மேடையில் சாய்ந்து நின்றவன், மூன்றாவது தோசையைத் திருப்பும்போது, "கணக்குல முப்பத்திரண்டும்மா" என்றான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "சட்னி போதுமா?" என்று மட்டும் கேட்டேன். மிச்சக் கதையை அவனே சொன்னான்.

சொன்னதைச் சித்தியிடம் போனில் சொல்லிவிடாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன், அவன் காதில் விழுந்துவிட்டது. இரண்டு வாரம் என்னிடம் சாப்பாட்டுப் பேச்சு மட்டும்தான். "தப்பு என்மேலதான்டா" என்று நேராகச் சொன்ன பிறகே சரியானது.

சின்ன முடிவுகளை இப்போதே கையில் கொடுங்கள்: முடிவெட்டு, டியூஷன் நேரம், மாதம் 300 ரூபாய் கைச்செலவு. இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் நிரப்பாதீர்கள். அப்படிப் பழகினால்தான் பதினொன்றாம் வகுப்பில் பயாலஜியா காமர்ஸா என்று சொந்தமாக யோசிக்க வரும். ராத்திரி போன் மட்டும் ஹாலில்தான் இருக்க வேண்டும், அதில் நான் இறங்கிவருவதில்லை.

சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் மூன்றும் சேர்ந்து குறைந்தாலோ, "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்ற பேச்சு வந்தாலோ, தட்டிவிட்டு நிற்க வேண்டாம். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.